தென்வானில் அகத்தியர்

நேயர்களுக்கு வணக்கம். நம் கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரம் நமக்கெல்லாம் தெரிந்த ஊர், தாலுகாவுக்கே அந்தப் பெயர்தான். அதே அகத்திய முனிவர் பெயரில் வானத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. ராத்திரி வானத்தில் சிரியஸுக்கு அடுத்தபடி பிரகாசமானது அதுதான். கனோபஸ் என்றும் சொல்வார்கள். பரிபாடல் அதைப் பொதியில் முனிவன் என்கிறது.

மாசி பிறந்ததும் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் சொத்தவிளைக் கடற்கரைக்கோ கன்னியாகுமரிக்கோ போய்த் தெற்கே பார்த்து நில்லுங்கள். நன்றாக அண்ணாந்தால் பளீரென்று தெரிவது சிரியஸ். அங்கிருந்து கண்ணை நேராகக் கடல் பக்கம் இறக்குங்கள். வழியில் எதிர்ப்படும் பெரிய வெள்ளி அகத்தியர். வள்ளத்து விளக்கோ என்ற சந்தேகமே வேண்டாம், நல்ல உயரத்தில் நிற்கும். எவ்வளவு உயரம்? கையை நீட்டி முஷ்டி பிடியுங்கள். ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். கை சிறிதென்றால் முஷ்டியும் சிறிதுதானே. கடல்விளிம்பிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று முஷ்டி. சரியாகச் சொன்னால் 29 பாகை.

இந்த மூன்று முஷ்டியை நான் லேசில் விடமாட்டேன். டெல்லியில் உங்கள் மகனோ மகளோ இருந்தால் அன்றைக்கே போன் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஒரு முஷ்டிகூட வராது, 9 பாகைதான். ஒரு மாடிவீடு போதும் மறைப்பதற்கு. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் எழும்பவே எழும்பாது. ஒரே நட்சத்திரம், ஒரே ராத்திரி. நட்சத்திரம் இறங்கவில்லை, நாம் நிற்கிற பூமி வளைந்திருக்கிறது. பொசிடோனியஸ் என்ற கிரேக்க அறிஞர் கி.மு. முதல் நூற்றாண்டில் இதை வைத்தே உலகத்தை அளந்தார். ரோட்ஸ் தீவில் அகத்தியர் அடிவானத்தைத் தொட்டு மறையும். அதற்குத் தெற்கே எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் முழு வட்டத்தின் 48இல் ஒரு பங்கு, அதாவது ஏழரைப் பாகை உயரத்தில் நிற்கும் என்பது அவர் கணக்கு. அப்படியானால் அந்த இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட தூரமும் பூமி வட்டத்தில் 48இல் ஒரு பங்குதான், அதை 48ஆல் பெருக்கினால் உலகத்தின் சுற்றளவு வந்துவிடும்!

விந்தியத்தைத் தாழவைத்து அகத்தியர் தெற்கே வந்தார் என்கிறது புராணம். வடக்கேயிருந்து தெற்கே நடந்தவர்களுக்கு இந்த வெள்ளி போகப்போக உயர்ந்திருக்கும். கதைக்கு வித்து அதுதான் என்பது என் எண்ணம்.

அராபியருக்கு இது சுஹைல். ஆகஸ்ட் கடைசியில் விடியலுக்கு முன்னால் சுஹைல் தெரிந்தால் வெயில் தணியத் தொடங்கும் என்பார்கள். வளைகுடாவில் வேலை பார்த்த நம்மூர்க்காரர்கள் கேட்டிருப்பீர்கள். சீனர்களுக்கோ ஆயுள் தரும் கிழவர்.

நேரம் ஆகிவிட்டதென்று சைகை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தூரம் சுமார் 310 ஒளியாண்டு. குளச்சல் போர் 1741இல். அதற்கும் முன்பே கிளம்பிய ஒளிதான் இன்று நம் கண்ணில் படுகிறது. குறுக்களவு சூரியனைப்போல் 70 மடங்கு. 1964இல் செவ்வாய்க்குப் புறப்பட்ட மேரினர் 4 விண்கலம் இதைப் பார்த்துத்தான் திசை பிடித்தது. அதை விளக்க இப்போது நேரமில்லை. பங்குனியில் தேடுகிறவர்கள் ஏழு மணிக்கே கடற்கரைக்குப் போய்விடுங்கள். வணக்கம்.