பெயர் பொறிக்காத வாள்

நேயர்களுக்கு வணக்கம். சாமுராய் வாளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். சண்டைக் கதையை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நான் உலோகவியல் பாடம் நடத்தியவன். எனக்கு வாள் என்றால் முதலில் இரும்புதான்.

டோக்கியோவில், ரியோகொகு பகுதியில், வாள்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே வாளைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வந்தவர்களைப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டி முன்னால் முழங்காலை மடக்குவார்கள், நிமிர்வார்கள், மறுபடி மடக்குவார்கள். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுவது போலவே இருக்கும். வெளிச்சம் சரியான கோணத்தில் பட்டால்தான் வெட்டும் விளிம்பை ஒட்டி ஓடும் வெண்மூட்டம் கண்ணுக்கு அகப்படும். அதற்கு ஹாமோன் என்று பெயர். வரைந்ததோ செதுக்கியதோ அல்ல, எஃகுக்குள்ளேயே விளைந்தது.

அந்த எஃகு இரும்பு மணலில் பிறக்கிறது. மணலையும் மரக்கரியையும் களிமண் உலையில் மாற்றி மாற்றிக் கொட்டி, மூன்று நாள் இரவு பகலாக எரிப்பார்கள். ஷிமானே மாகாணத்தின் ஒகுஇசுமோவில் 1977இல் மறுபடி மூட்டிய உலை இன்றும் குளிர்காலத்தில் எரிகிறது. ஒரு தடவைக்குச் சுமார் 10 டன் மணல், 12 டன் கரி. கடைசியில் உலையையே இடித்து, உள்ளே உறைந்த இரண்டரை டன் கட்டியை இழுத்தெடுப்பார்கள். அதிலும் வாளுக்கு ஆகும் எஃகு ஒரு பங்குதான்.

அப்புறம் தட்டுவதும் மடிப்பதும். நூற்றுக்கணக்கில் மடித்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்துப் பதினைந்து மடிப்பு போதும். 15 மடிப்புக்கே 32,768 அடுக்கு வந்துவிடும். மடிக்க மடிக்கக் கசடு வெளியேறும், கார்பன் சீராகப் பரவும். அளவு மீறினால் கார்பனே எரிந்துபோய்க் கூர் நிற்காது.

இனிதான் கண்டம். நம் கொல்லர்கள் தோய்ச்சல் என்பார்களே, அதுதான். களிமண்ணோடு கரித்தூளும் சாணைக்கல் பொடியும் குழைத்து, வாளின் முதுகில் கனமாகவும் விளிம்பில் மெல்லிசாகவும் பூசுவார்கள். பட்டறையை இருட்டாக்கி, இரும்பின் நிறத்தை வைத்தே சூட்டைக் கணித்து, தண்ணீரில் இறக்குவார்கள். மெல்லிய பூச்சுள்ள விளிம்பு சட்டென்று குளிர்ந்து கெட்டிப்படும். முதுகு நிதானமாகக் குளிர்ந்து வளைந்து கொடுக்கும் தன்மையோடு நிற்கும். கெட்டிப்படும் விளிம்பு சற்றே விரிவதால் வாள் முதுகுப்பக்கமாக வளைகிறது. அந்த அழகிய வளைவில் பெரும்பகுதி தண்ணீர் போட்டது. சில சமயம் அந்த நொடியிலேயே விளிம்பு விரிசல் விடும். அவ்வளவுதான், வார உழைப்பு வீண்.

எனக்குப் பிடித்த வாள் சன்ச்சோமோ. 13ஆம் நூற்றாண்டில் பிசென் நாட்டில், இன்றைய ஒகயாமா மாகாணத்தில், அடித்தது. மலைப்பறவையின் இறகு என்று பெயருக்குப் பொருள். பிற்பாடு உஎசுகி கென்ஷின் என்ற போர்த்தலைவரிடம் இருந்தது. வாளில் கொல்லன் பெயரே இல்லை! பெயரைப் பிடிக்குள் மறையும் அடிப்பகுதியில் பொறிப்பது வழக்கம். அந்தப் பகுதியின் துருவைக்கூடத் துடைக்க மாட்டார்கள், வயதைச் சொல்வதே அதுதான். சுத்தம் செய்கிறேன் என்று தேய்த்தால் வாளின் மதிப்பு போச்சு. சரி, பெயரில்லாமல் எந்தப் பட்டறை என்று எப்படிச் சொல்வது? ஹாமோனைப் பார்த்து. கிராம்பு மொட்டுகளை நெருக்கி அடுக்கியது போலப் பொங்கும் அந்த வடிவம் ஃபுகுஒகா இச்சிமொன்ஜி என்ற கொல்லர் மரபின் கைவரிசை.

பிசென் வாள்களுக்குப் பேர்போன ஒசாஃபுனே ஊரை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் யோஷிஇ ஆற்று வெள்ளம் சிதைத்தது. 1876இல் பொது இடத்தில் வாள் அணிவதற்கே தடை வந்தது. 1945இல் போரில் தோற்ற ஜப்பானில் வாள்களை ஒப்படைக்கச் சொன்னபோது, தேசியச் செல்வமாக இருந்த ஹொன்ஜோ மசமுனே என்ற வாள் ஒரு காவல் நிலையத்துக்குப் போய், பிறகு காணாமலே போனது. சன்ச்சோமோ தப்பியது.

கென்ஷினின் கோட்டை இருந்த ஜொயெட்சு நகரம் அதை வாங்க முயன்றது, விலை படியவில்லை. ஒசாஃபுனேவைத் தன்னுள் கொண்ட சிறு நகரம் செதோஉச்சி, ஊர் ஊராக நன்கொடை திரட்டி 2020இல் 50 கோடி யென்னுக்கு வாங்கிவிட்டது. அங்கே அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு பட்டறையும் இருக்கிறது.

வருடம் முழுவதும் சன்ச்சோமோவைக் காட்சிக்கு வைப்பதில்லை. போகிறவர்கள் தேதி விசாரித்துக்கொண்டு போங்கள். முழங்காலும் நன்றாக மடங்க வேண்டும். வணக்கம்.