விசைப்பலகைக்கு அடியில் இருந்த அட்டை

நண்பர்களே, வணக்கம்.

1951-இல் பிரிட்டனில் தேநீர்க்கடைகள் நடத்திய ஜே. லயன்ஸ் நிறுவனம் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரைச் செய்து, அடுமனைக் கணக்கை அதில் ஓட்டியது. பெயர் லியோ. அதற்கு முன்பே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான எட்சாக் என்ற கம்ப்யூட்டருக்குப் பணம் கொடுத்து உதவி, அங்கிருந்து கற்றுக்கொண்டார்கள்.

பின்னாளில் அவர்கள் ஆர்டர் எடுத்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான ஆர்டர் ஒன்று லியோவிடம் இருக்கும். கடைப் பொறுப்பாளர் அன்றைய மாற்றத்தை மட்டும் போனில் சொன்னால் போதும்; மறுமுனையில் கேட்டபடியே, லியோ படிக்கும் கார்டில் துளையிடுவார்கள். கடை நடப்பதைக் கூர்ந்து பார்த்தவருக்குத்தான் இப்படி யோசிக்க வரும். லயன்ஸில் 1930-களிலேயே வேலைமுறைகளை ஆராய ஒரு தனிப்பிரிவு இருந்தது.

நம் ஐடி துறைகள் டிக்கெட், அதாவது ஊழியர்கள் பதிவு செய்யும் புகார், வரட்டும் என்று உட்கார்ந்திருக்கின்றன. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருநாள் கிடங்கில் ஓர் ஊழியர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவருடைய விசைப்பலகைக்கு அடியில் ஓர் அட்டை. பென்சிலால் ஆர்டர் எண்கள். “ஸ்க்ரீன் மாறினா நம்பர் போயிடும் சார், அதான் எழுதி வெச்சுக்கறேன்” என்றார். பல வருஷமாக! ஒரு டிக்கெட்கூட அவர் போட்டதில்லை. அதை ஒரு குறையாகவே அவர் நினைக்கவில்லை.

சில எண்களுக்குப் பக்கத்தில் புள்ளி இருந்தது. கேட்டேன். சரக்கை இரண்டு தவணையாக அனுப்பச் சொல்லும் வாடிக்கையாளர்களாம். எங்கள் சாஃப்ட்வேரில் அதற்கு வழியே கிடையாது. அவர் போனில் பேசிச் சமாளித்து வந்தார். அந்தப் புள்ளியிலிருந்துதான், தேதியை வாடிக்கையாளரே பிரித்துக் கொடுக்கும் வசதி பிறந்தது. புரோகிராம் எழுத இரண்டு வாரம் பிடித்தது, அவ்வளவுதான்.

சரி, இதற்கு நேரம் வேண்டாமா? வேண்டும். ராத்திரி சர்வர் விழுந்தால் எழுந்து ஓடுகிறவர்களிடம் காலையில் புதிய யோசனை கேட்பது நியாயமில்லை. ஆட்களை ஒதுக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. பட்ஜெட் கூட்டத்தில் அதை விடாமல் கேட்க வேண்டியது நம் பொறுப்பு. லயன்ஸ் 1954-இல் கம்ப்யூட்டர் விற்கவே ஒரு தனி நிறுவனம் தொடங்கியது. உள்வேலைக்குச் செய்த பொருள், வியாபாரமாகவே வளர்ந்தது.

என் குழுவில் இப்போது புதிதாகச் சேர்பவர் முதல் வாரம் புரோகிராம் எழுதுவதில்லை. நோட்டுப் புத்தகத்தோடு கிடங்குக்குப் போய், அந்த ஊழியர் பக்கத்தில் உட்காருகிறார்.