போய் வருகிறோம் என்று சொல்லுமுன்

அன்பான சகோதர சகோதரிகளே, ஊழியப் பயணங்களுக்குக் குழுக்களை அழைத்துச் செல்லும் தலைவர்களே,

ஒரு பயணம் புறப்படுமுன் நாம் மாதக்கணக்கில் ஆயத்தப்படுகிறோம். கடவுச்சீட்டு, தடுப்பூசி, பாடல் பயிற்சி, குறுநாடகம், சாட்சி சொல்லப் பழகுவது என்று ஒவ்வொன்றுக்கும் நாள் குறிக்கிறோம். திரும்புகிற நாளுக்கு மட்டும் ஆயத்தம் கிடையாது. பெட்டி கட்டுகிற அவசரத்தில், வண்டி வாசலில் நிற்கும்போது, அரை மணி நேரத்தில் பிரிவு நடந்து முடிகிறது. அந்த அரை மணி நேரத்தில் நாம் சொன்னதைத்தான் அங்கே இருப்பவர்கள் வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நாம் பத்து நாள் பிரசங்கித்ததைவிட அது ஆழமாக நிற்கும். அதனால் இன்று பிரிவைப்பற்றி மட்டுமே பேச வந்திருக்கிறேன்.

தமிழில் யாரும் ‘போகிறேன்’ என்று சொல்லிப் படியிறங்குவதில்லை. ‘போய் வருகிறேன்’ என்பதே நம் வாயில் வருகிற சொல். நமக்குள் அது மரியாதை. திரும்பி வரும் தேதியை யாரும் அதில் தேடுவதில்லை. அதையே மொழிபெயர்ப்பாளர் இன்னொரு மொழியில் எடுத்துச் சொல்லும்போது, ‘நாங்கள் மறுபடி வருவோம்’ என்ற வாக்காகிவிடுகிறது. கேட்பவர் மனதில் உடனே ஒரு கேள்வி எழும்: எப்போது? பதில் நம்மிடம் இல்லை. கேள்வி எழுந்ததே நமக்குத் தெரிவதுமில்லை. ஆகையால் முதல் வேலை, மொழிபெயர்ப்பாளரோடு முன்னதாகவே உட்கார்ந்து, நம் குழு வழக்கமாகச் சொல்லும் பிரிவு வார்த்தைகள் அவர்கள் மொழியில் எப்படி விழுகின்றன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது. இருபது நிமிஷ வேலை. இதைச் செய்கிற குழுக்கள் மிகக் குறைவு.

அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் அடுத்தடுத்து இரண்டு துறைமுகங்களில் விடைபெறுகிறார். முதலாவது மிலேத்து. பெந்தெகொஸ்தே நாளுக்குள் எருசலேம் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில், எபேசுவுக்குள் போகாமல் சபையின் மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைக்கிறார். ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரம். மூன்று வருஷம் அவர்களோடு இருந்தவர் அவர். அந்தப் பேச்சில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். கணக்கு ஒப்புவிக்கிறார்: ஒருவருடைய வெள்ளிக்கோ பொன்னுக்கோ வஸ்திரத்துக்கோ நான் ஆசைப்படவில்லை, என் தேவைகளுக்கு இந்தக் கைகளே வேலை செய்தன என்கிறார். வரப்போகிற ஆபத்தை மறைக்காமல் சொல்கிறார். இனி என் முகத்தைப் பார்க்கமாட்டீர்கள் என்று நேராகச் சொல்கிறார். அவர்களைத் தம்மிடம் கட்டிப்போடாமல் தேவனுக்கு ஒப்புக்கொடுக்கிறார். பிறகு முழங்கால்படியிட்டு ஜெபம், அழுகை, கப்பல்வரைக்கும் வழியனுப்புதல்.

இரண்டாவது தீரு. அங்கே கப்பல் சரக்கு இறக்க வேண்டியிருந்தது. பவுலும் கூட்டாளிகளும் ஏழு நாள் மட்டும் தங்கினார்கள். புறப்படும்போது விசுவாசிகள் மனைவி பிள்ளைகளோடு பட்டணத்துக்கு வெளியே வந்தார்கள். கடற்கரையில் எல்லோரும் முழங்கால்படியிட்டு ஜெபித்தார்கள். அவ்வளவுதான். அங்கே நீண்ட பிரிவுரை எதுவும் எழுதப்படவில்லை. நம்முடைய பயணங்கள் பெரும்பாலும் ஏழு நாள், பத்து நாள், அதிகம் போனால் பதினான்கு நாள். நாம் தீருவில் தங்கிவிட்டு மிலேத்துவில் பேசியதுபோல் பேசப் பார்க்கிறோம். மூன்று வருஷம் உழைத்தவருக்கே உரிய வார்த்தைகள் ஏழு நாள் விருந்தாளிக்குப் பொருந்தாது. ஆனால் கணக்கை நேர்செய்வதும் உண்மையைச் சொல்வதும் இரண்டு இடத்துக்கும் பொதுவானவை.

இன்னொரு நல்ல உதவியும் இருக்கிறது. ஊழியர் குடும்பங்களின் பிள்ளைகள் நாடு விட்டு நாடு மாறுவதைப்பற்றி நீண்ட காலம் உழைத்த டேவிட் போலக், பிரிவுக்கு நான்கு கட்டைகளால் ஆன ஒரு தெப்பத்தை உவமையாகக் கொடுத்தார்: மனக்கசப்பைத் தீர்ப்பது, நன்றியைச் சொல்வது, விடைபெறுவது, போகுமிடத்தை நினைத்து ஆயத்தமாவது. விடைபெறுவது அதில் மூன்றாவதாக நிற்பதைக் கவனியுங்கள். முதல் இரண்டையும் முடிக்காமல் மூன்றாவதுக்குப் போகிறவர்கள், தீராத கசப்பையும் சொல்லாத நன்றியையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அதனால் புறப்பட மூன்று நாள் இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். முதல் நாள் கடன் தீர்க்கிற நாள். இரவல் வாங்கிய குடை, பாய், கிட்டார், செல்போன் சார்ஜர் எல்லாம் உரியவரிடம் போகட்டும். கடையில் பாக்கி இருந்தால் தீர்த்துவிடுங்கள். யாரிடமாவது கடுமையாகப் பேசியிருந்தால் அன்றைக்கே போய் மன்னிப்புக் கேளுங்கள். ‘தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது செய்திருந்தால் மன்னியுங்கள்’ என்று மேடையில் பொதுவாகச் சொல்வது மன்னிப்பாகாது. எந்த நாள், எந்த வார்த்தை என்று சொல்லிக் கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் சங்கடப்பட்டு அதை மழுப்பிவிடுவது உண்டு; ‘நான் சொல்வதை அப்படியே சொல்லுங்கள்’ என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குழுவுக்குள் இருக்கும் பிணக்கும் அன்றைக்கே தீர வேண்டும். உள்ளூர் மக்கள் அதை நம்மைவிட முன்னதாகவே கவனித்திருப்பார்கள்.

இரண்டாம் நாள் தனித்தனியாக நன்றி சொல்கிற நாள். ஒரு தாளில் பெயர்களை எழுதிக் குழுவில் பங்கிடுங்கள். போதகர், மூப்பர்கள், தங்கவைத்த குடும்பங்கள் எல்லாம் தானாகவே பட்டியலில் வந்துவிடும். விட்டுப்போகிறவர்கள் வேறு: விடியுமுன் எழுந்து சமைத்தவர், தண்ணீர் சுமந்தவர், துணி துவைத்தவர், ஓட்டுநர், இரவுக் காவலர், தன் அறையை நமக்குக் கொடுத்துவிட்டு உறவினர் வீட்டில் படுத்த பிள்ளை. சமையற்கட்டுக்குப் போய்தான் சமைத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கூட்டத்தில் மேடைக்குக் கூப்பிட்டால் கூச்சத்தில் நிற்பார், ஒன்றும் காதில் விழாது. எதற்கு நன்றி என்பதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். ‘எங்கள் பையனுக்கு வயிறு சரியில்லாத அன்று தனியாகக் கஞ்சி வைத்துக் கொடுத்தீர்களே’ என்ற ஒரு வரி, ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்பதை நூறு முறை சொல்வதற்கு மேல்.

மொழிபெயர்ப்பாளரைப்பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கடைசிக் கூட்டத்தில் அவரைக் கவனித்துப் பாருங்கள். குழுவில் ஒரு சகோதரி அழுதுகொண்டே ‘உங்களை நான் மறக்கமாட்டேன்’ என்கிறார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தன் வாயால் ‘உங்களை நான் மறக்கமாட்டேன்’ என்று திருப்பிச் சொல்கிறார். ஊர்ப் பாட்டி ஒருவர் ‘என் பிள்ளைகள் போகிறதுபோல இருக்கிறது’ என்கிறார். அதையும் அவரே இந்தப் பக்கம் திருப்பிச் சொல்கிறார். இரண்டு பக்கத்துக் கண்ணீரும் அவர் தொண்டை வழியாகப் போகிறது. கூட்டம் முடிந்ததும் இரண்டு பக்கமும் கட்டித் தழுவிக்கொள்கிறது. அவர் நடுவில் நிற்கிறார், அவரிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. பத்து நாளும் அதிகம் பேசியவர் அவர்தான், அதில் தன் வார்த்தை என்று ஒன்றும் இருந்திருக்காது. அவருக்கென்று முந்தின நாளே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவரிடம் கேள்வி கேளுங்கள், அவர் பேசட்டும், குழு கேட்கட்டும். அவரைக் கடைசிவரை உழைக்கவைத்துவிட்டு வண்டி ஜன்னல் வழியாகக் கையசைப்பது சரியல்ல.

வாக்குறுதிகள். இங்கேதான் அதிகச் சேதம் நடக்கிறது. நல்ல மனதுள்ள வாலிபர்கள்தான் இதில் விழுகிறார்கள். கண்ணீர் பெருகும் நேரத்தில் ‘உன் படிப்புச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்’, ‘சபைக்கு ஒலிபெருக்கி அனுப்புகிறோம்’, ‘அடுத்த வருஷம் கண்டிப்பாக வருவோம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்லும்போது பொய் இல்லை. ஊருக்குத் திரும்பி மூன்று வாரத்தில் வேலையும் தேர்வும் வந்து மூடிவிடுகிறது. அங்கே அந்தப் பிள்ளையின் அம்மா பள்ளிக்கூடத்தில் போய், பணம் வந்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்திருப்பார். பணம் வராதபோது அவமானம் அவருக்கு, பழி உள்ளூர்ப் போதகருக்கு. இதற்கு ஒரு கட்டுப்பாடு வையுங்கள். யார் செய்வது, எந்தத் தேதிக்குள், பணம் எங்கிருந்து என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத வாக்கை யாரும் வாயால் சொல்லக்கூடாது. மூன்றும் இருந்தால் குழுத்தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். அவர் உள்ளூர்ச் சபையோடு பேசட்டும். கடைசி 24 மணி நேரத்தில் புதிய வாக்கு எதுவும் கிடையாது. மறுபடி வருவீர்களா என்று கேட்டால், ‘வர ஆசை இருக்கிறது, வருவோமா என்று இப்போது சொல்ல முடியவில்லை’ என்பதே போதும். கொஞ்சம் வலிக்கும், ஆனால் அந்த வலி அன்றைக்கே ஆறத் தொடங்கிவிடும்.

பணத்தையும் யாருடைய கையிலும் தனியாகத் திணிக்காதீர்கள். சபைக் கமிட்டியிடம் கொடுத்து இரண்டு பேர் கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். பரிசுகளைக் கடைசி நாளுக்கு வைத்தால் கூட்டம் முண்டியடிக்கும். 40 பிள்ளைகளுக்கு 38 பொட்டலம் இருந்தால் அந்த இரண்டு முகங்கள்தான் ஊர் முழுவதற்கும் நினைவில் நிற்கும். பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வைத்து, இரண்டு நாள் முன்னதாக, ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் கையால் கொடுங்கள். மிச்சமான மருந்துகளை அட்டை அட்டையாக வீடுகளில் விட்டுவராதீர்கள். நன்கொடையாகப் போய்ச் சேரும் மருந்துக்குக் குறைந்தது ஒரு வருஷமாவது காலாவதித் தேதி மீதமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அதற்குப் பொருந்துவது எதுவானாலும், கேட்டுவிட்டு மருத்துவ நிலையத்திடம் மட்டுமே ஒப்படையுங்கள்.

அவர்கள் தருவதை வாங்கவும் இடம் வையுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு கிலோ இடம் காலியாக இருக்கட்டும். இல்லாதவர்கள் கொடுக்கிறார்களே என்று மறுப்பது இரக்கம்போலத் தெரியும், அவர்களுக்கு அது தள்ளிவிட்டதுபோல் ஆகும். விதை, பழம், இறைச்சி போன்றவற்றை எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பெரும்பாலான நாடுகளில் தடையோ கட்டுப்பாடோ உண்டு என்பதை மொழிபெயர்ப்பாளர் வழியாக முன்பே தெரியப்படுத்திவிடுங்கள். கொடுத்துவிட்டால் அங்கேயே அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிடலாம்.

சிறு பிள்ளைகளிடம் விடைபெறுவது தனிக் கலை. குழந்தைகளின் மனதை ஆராய்ந்த ஜான் பவுல்பியும் ஜேம்ஸ் ராபர்ட்சனும் பிரிவைச் சந்திக்கும் சிறு குழந்தைகளைக் கவனித்து, முதலில் எதிர்ப்பு, பிறகு சோர்வு, பிறகு ஒட்டாமல் விலகுதல் என்று மூன்று படிகளைச் சொன்னார்கள். காப்பகப் பிள்ளைகளுக்கு இந்தப் பிரிவு ஒரு முறையோடு முடிவதில்லை. குழுவுக்குக் குழு திரும்ப நடக்கிறது. புதிதாக வருகிற எவர் மடியிலும் ஓடி ஏறுகிற பிள்ளையைப் பார்த்து ‘எவ்வளவு பாசம்’ என்று பூரிக்காதீர்கள். யாரையும் நிலையாகப் பற்றிக்கொள்ள முடியாமல் போனதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். குழந்தை தூங்கும்போது நைசாகப் புறப்படுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அழுகையை நாம் பார்க்காமல் தப்பிக்கிறோம், குழந்தை விழித்து நம்மைத் தேடுகிறது. ‘அடுத்த வாரம்’ என்பது ஐந்து வயதுக் குழந்தைக்குப் புரியாது. ஒரு கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். ஒவ்வொரு இரவும் ஒன்றை அவிழ்க்கட்டும். முடிச்சு தீர்ந்த காலையில் அண்ணன், அக்கா புறப்படுவார்கள் என்று சொல்லுங்கள். அந்தக் காலையில் குழந்தையை நாம் தூக்கி வைத்திருக்கக் கூடாது. தினமும் அதைப் பார்த்துக்கொள்கிறவர் இடுப்பில் இருக்க, அங்கே போய் நாம் விடைபெற வேண்டும். நம் கையிலிருந்து பிடுங்கி இன்னொருவரிடம் கொடுக்கிற காட்சி நடக்கவே கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களோடு தனி செல்போன் எண் பரிமாற்றமும் வேண்டாம். கடிதமோ படமோ, பொறுப்பானவர் வழியாகப் போகட்டும்.

கடைசிக் கூட்டத்தை முந்தின நாள் மாலை வையுங்கள், ஒரு மணி நேரம் போதும். மொழிபெயர்ப்பு நேரத்தை இரட்டிப்பாக்கும்: நான்கு பேர் மூன்று மூன்று நிமிஷம் பேசினாலே 24 நிமிஷம் போய்விடும். மீதியில் இரண்டு பாடல், உள்ளூர் மக்கள் பேசக் கால் மணி, ஜெபம். குழுப்படத்தைக் கூட்டத்துக்கு முன், வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். முடிந்தபின் என்றால் இருட்டு, அழுத கண்கள், பாதிப் பேர் காணாமல் போயிருப்பார்கள். முடிவு ஜெபம் உள்ளூர்ப் போதகருடையதாக இருக்கட்டும். வந்தவர்களை அவர்கள்தான் தேவனுக்கு ஒப்புக்கொடுத்து அனுப்ப வேண்டும். யாராவது அழுதால் ‘அழாதீர்கள்’ என்று தடுக்காதீர்கள். மிலேத்துவில் யாரும் தடுத்ததாக எழுதியிருக்கவில்லை.

புறப்படும் காலையில் மூட்டை முடிச்செல்லாம் ஒரு மணி நேரம் முன்னதாகவே வண்டியில் ஏறியிருக்கட்டும், கைகள் காலியாக இருக்க வேண்டும். தங்கியிருந்த அறையைக் கூட்டி, விரிப்புகளை மடித்து வையுங்கள். வாசலில் பதினைந்து நிமிஷம், ஒரு சிறு ஜெபம், ஏறிவிடுங்கள். ஏறி இறங்கி, ஏறி இறங்கி நீட்டினால் நிற்கிறவர்களுக்குத்தான் பாரம். வண்டி நகர்ந்தபின் முதல் அரை மணி நேரம் வேடிக்கைப் பேச்சும் வேண்டாம், பயணத்தை எடைபோடுகிற பேச்சும் வேண்டாம், அழுகிறவர் அழட்டும்.

படங்களை அச்சிட்டு, பின்பக்கம் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, பதினான்கு நாளுக்குள் அனுப்பிவிடுங்கள். அனுப்புகிறவர் யார் என்பது புறப்படுமுன்னே முடிவாகியிருக்க வேண்டும். அதற்கும் முன்னதாக ஒன்று உண்டு. தீருவில் இவர்கள் கப்பல் ஏறினார்கள், அவர்கள் தங்கள் வீடுகளுக்குத் திரும்பினார்கள் என்று எழுதியிருக்கிறது. வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் நேரே வருவது கூட்டிப் பெருக்கிய அந்தக் காலி அறைக்குத்தான். நாம் ஊர் போய்ச் சேர்ந்தோமா என்று தெரியும்வரை அவர்களுக்குத் தூக்கம் வராது. நடுராத்திரியானாலும் சரி, இறங்கியவுடனே, அங்கே கற்றுக்கொண்ட நாலு வார்த்தைகளை வைத்து அவர்கள் மொழியிலேயே சொல்லி அனுப்புங்கள்: வந்து சேர்ந்துவிட்டோம், எல்லோரும் நலம்.