ஜாஸ் இசையில் காலைக்கென்று பாட்டு உண்டா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன வாரம் நியூயார்க் பக்கத்து வானொலி நிலையங்களைப் பற்றிப் பேசியிருந்தேன். அதைக் கேட்ட மதுரைச் சகோதரி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "நமக்குக் காலை என்றால் பூபாளம், வானொலியில் மங்கல இசை என்று ஒரு பழக்கம் இருக்கிறது. ஜாஸில் அப்படி ஏதாவது உண்டா? காலை நிகழ்ச்சி நடத்துகிறவர் எதை வைத்துப் பாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்?" நல்ல கேள்வி. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கிடையாது என்பதுதான் நேரடியான பதில். ஜாஸ் இரவில் வளர்ந்த இசை. 1940களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்றொரு கிளப் இருந்தது. வேறு இடங்களில் கச்சேரி முடித்த கலைஞர்கள் இரவு வெகுநேரத்துக்குப் பிறகு அங்கே கூடி, தங்களுக்காகவே வாசித்தார்கள். அங்கே பியானோ வாசித்தவர் தெலோனியஸ் மங்க். அவருடைய மெட்டுகளில் மிகவும் புகழ்பெற்றதன் பெயரே 'ரவுண்ட் மிட்நைட்', அதாவது நள்ளிரவை ஒட்டிய வேளை. ராகத்துக்கு வேளை குறிப்பது போன்ற வழக்கம் இந்த இசையில் இல்லை. ஆகவே காலை நிகழ்ச்சி நடத்துகிறவரின் கையில் இருப்பதெல்லாம் இரவில் பிறந்த பாட்டுகள். அவற்றைக் காலை ஏழு மணிக்கு, பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும் ஒருவரின் காதுக்குக் கொண்டுபோக வேண்டும். அவருடைய வேலை முழுக்க அதுதான்.

பெயரில் 'காலை' என்று இருப்பதை எடுத்துவிடலாமே என்று தோன்றும். வெளிநாட்டில் இருந்தபோது ஒரு சிறிய சமூக வானொலியில் இரண்டு ஆண்டுகள் சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சி நடத்தியிருக்கிறேன். முதல் வாரம் நானும் அப்படித்தான் எடுத்தேன். 'சாஃப்ட்லி, ஆஸ் இன் எ மார்னிங் சன்ரைஸ்' என்ற பாட்டு. 1928-இல் 'த நியூ மூன்' என்ற இசை நாடகத்துக்காக சிக்மண்ட் ராம்பெர்க் மெட்டமைத்தது. பெயரில் விடியல் இருக்கிறது. பாட்டுக்குள் இருப்பதோ விடியல்போல மெல்ல வந்து, பிறகு துரோகமாகிப் போகும் காதல். நல்ல குரலில் பாடிய, கனமான ஒரு பதிவைப் போட்டுவிட்டேன். அரங்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே காலை இருண்டுபோன மாதிரி இருந்தது. அதே மெட்டை 1957-இல் சானி கிளார்க்கின் மூவர் குழு வாசித்திருக்கிறது. பியானோ, பாஸ் என்ற கீழ்ஸ்தாயித் தந்தி வாத்தியம், டிரம்ஸ், அவ்வளவுதான். அதே சோகச் சாயலுள்ள ஸ்வரங்கள், ஆனால் காலாற நடந்துபோகிறவரின் துள்ளல் அதில் இருக்கிறது. அதைக் காலையில் கேட்கலாம். ஃபிராங்க் சினாட்ரா 1955-இல் வெளியிட்ட 'இன் த வீ ஸ்மால் அவர்ஸ்' என்ற ஆல்பத்தின் தலைப்புப் பாட்டிலும் காலை வருகிறது. ஆனால் அது தூக்கம் பிடிக்காமல் புரள்கிறவனின் காலை. எனக்கு உயிரான ஆல்பம் அது. காலையில் அதை நான் ஒருநாளும் ஒலிபரப்ப மாட்டேன்.

அடுத்தது, கேட்கிறவர் எங்கே இருக்கிறார் என்பது. காலை நேரத்தில் பலர் காரில் இருப்பார்கள். சாலை இரைச்சலில் முதலில் காணாமல் போவது பாஸ். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பத்தின் முதல் பாட்டு, பியானோவும் பாஸும் கிசுகிசுப்பதுபோலத் தொடங்கும். வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு கேட்டால் அதைப்போன்ற தொடக்கம் வேறில்லை. நெடுஞ்சாலையில் அதே அரை நிமிடம், வானொலி நின்றுபோய்விட்டது என்று எண்ண வைக்கும். கை தானாக அடுத்த நிலையத்துக்குப் போய்விடும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் ஒரு பாட்டின் முதல் பத்து வினாடியைத் தனியாகக் கேட்டுப் பார்ப்பார்கள்.

கடிகாரமும் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். எட்டு மணிச் செய்திக்கு இன்னும் நான்கு நிமிடம் பத்து வினாடி இருக்கிறது என்று வையுங்கள். ஒருவர் குரலில் பாடுகிற பாட்டைப் பாதியில் வெட்ட முடியாது. வெட்டினால் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது வாயைப் பொத்தியதுபோல் ஆகிவிடும். அந்த இடத்துக்கு வாத்திய இசைதான் சரி. ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அதன் மேலேயே வாசித்தவர்களின் பெயர்களைச் சொல்லி, செய்திக்கு வழிவிடலாம். பெயர்களைச் சொல்லாமல் மட்டும் விடக் கூடாது. பியானோ யார், டிரம்ஸ் யார் என்று சொன்னால்தான் கேட்டவர் அடுத்தமுறை தேடிப் போவார்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஸ்டாண்டர்ட் என்றால் என்ன? பெரும்பாலும் 1920களிலிருந்து 50கள் வரை பிராட்வே மேடைக்கும் ஹாலிவுட் படத்துக்கும் எழுதப்பட்டு, பிறகு ஜாஸ் கலைஞர்கள் எல்லோருக்கும் பொதுச் சொத்தாகிவிட்ட பாட்டுகள். பல பாட்டுகளுக்கு 32 தாளக்கட்டு வடிவம்தான். அதற்குள் ஆளாளுக்குத் தன் மனோதர்மத்தைக் காட்டுவார்கள். நிரவல் கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதல்ல. சாகித்ய வரி தெரிந்திருப்பதால்தான் பாடகர் அதை எங்கெங்கே கொண்டுபோகிறார் என்று நாம் பின்தொடர முடிகிறது. வரி தெரியாதவருக்கு அது வெறும் ஸ்வரக் கூட்டம்.

காலைத் தேர்வின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. ஜார்ஜ் கெர்ஷ்வினின் 'எம்ப்ரேஸபிள் யூ' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1947 அக்டோபரில் சார்லி பார்க்கர் அதைச் சாக்ஸபோனில் பதிவு செய்தார். ஒரு சின்னஞ்சிறு ஸ்வரக் கோவையைப் பிடித்துக்கொண்டு அதையே திருப்பித் திருப்பி வளர்த்துக்கொண்டு போகிறார். கெர்ஷ்வின் மெட்டைக் கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை. அதை மொட்டையாகப் போட்டால் காலை நேயருக்கு ஒன்றும் பிடிபடாது. அதற்கு முன்னால் நாட் கிங் கோல் தன் மூவர் குழுவோடு பாடியதைப் போட வேண்டும். பியானோ, கிட்டார், பாஸ் மட்டும்தான்; டிரம்ஸ் கிடையாது. காதருகே உட்கார்ந்து பேசுவதுபோன்ற குரல். மெட்டு நேயருக்குள் இறங்கிவிடும். அந்தச் சூடு ஆறுவதற்குள் பார்க்கரைப் போட்டால், அவர் தொடாமல் விட்ட மெட்டை நேயரே உள்ளுக்குள் பாடிக்கொண்டிருப்பார். அதை முதல்முறை உணர்ந்த காலையில் அடுத்த அறிவிப்பைச் சொல்ல எனக்குக் குரல் எழவில்லை.

இந்தக் கணக்குகளையெல்லாம் மீறியவர் ஒருவர் இருந்தார். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.கே.சி.ஆர். வானொலியில் ஃபில் ஷாப், 1981 முதல் வார நாட்களில் காலை 8.20-க்கு 'பேர்ட் ஃப்ளைட்' என்ற நிகழ்ச்சியை நடத்தினார். முழுக்க முழுக்க சார்லி பார்க்கர். 2021-இல் மறையும் வரை அவர் நிகழ்ச்சியாகவே அது இருந்தது. 'கோ கோ' போல மூச்சிரைக்கும் வேகத்தில் ஓடும் பதிவுகளையும் அவர் காலையில் போடுவார். முன்னும் பின்னும் பேசுவார்: எந்தத் தேதி, எந்த அரங்கம், அன்று வர வேண்டிய யார் வரவில்லை, டிரம்பெட்டில் உண்மையில் யார். சில நாள் பாட்டைவிடப் பேச்சே நீளும். சிலருக்கு அது பொறுமையைச் சோதித்தது. எனக்கு அதுவே பாடமாக அமைந்தது. நாட் கிங் கோல் பாட்டால் திறக்கிற கதவை அவர் கதையால் திறந்தார். எதை முன்னால் வைத்து நேயரைத் தயார்செய்கிறோம் என்பதுதான் கேள்வி. எந்தப் பாட்டு என்பது அதற்குப் பிறகுதான்.

சகோதரி, நீங்களே கேட்டுப் பாருங்கள். ஷாப் இருந்த டபிள்யூ.கே.சி.ஆர். நிலையமும், நியூயார்க் பக்கத்து நியூவர்க் நகரில் 88.3 அலைவரிசையில் இருக்கும் டபிள்யூ.பி.ஜி.ஓ. ஜாஸ் வானொலியும் இணையத்தில் கிடைக்கின்றன. அங்கே காலை எட்டு மணி என்பது கோடைக்கால நேரக் கணக்குப்படி மதுரையில் மாலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. அவர்கள் காலைக்கென்று தேர்ந்தெடுத்த இரவுப் பாட்டு, உங்கள் வீட்டில் விளக்கேற்றும் நேரத்துக்கு வந்து சேரும்.