தீயணைக்க ஒரு பம்பு

நேயர்களுக்கு வணக்கம். பண்டைய கிரேக்க, ரோமானியப் பொறியியல் என்றதும் நீர்ப்பாலங்களையும் கவண்பொறிகளையும் பற்றியே பலரும் பேசுவார்கள். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது கையால் இயக்கும் ஒரு பம்பு.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த டெசிபியஸ் என்பவரே இதை அமைத்தவர். முடிதிருத்துநரின் மகனான அவர், தந்தையின் கடையில் கண்ணாடியை ஏற்றி இறக்க, குழாய்க்குள் ஓர் ஈயக் குண்டைத் தொங்கவிட்டார் என்றும், குண்டு இறங்கும்போது நெருக்குண்ட காற்று ஒலியுடன் வெளியேறியதைக் கண்டே காற்றழுத்தத்தை ஆராயத் தொடங்கினார் என்றும் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதுகிறார்.

பம்பின் அமைப்பு எளிது. இரண்டு வெண்கல உருளைகள். ஒவ்வொன்றின் அடியிலும் உள்நோக்கி மட்டும் திறக்கும் ஒரு வால்வு. ஓர் உந்துதண்டு மேலேறித் தண்ணீரை இழுக்கும்போது மற்றொன்று கீழிறங்கித் தன் உருளையிலுள்ள தண்ணீரை நடுவிலுள்ள கலத்துக்குள் தள்ளும். ஏறிய தண்ணீர் திரும்பாதபடி அங்கும் வால்வுகள் உண்டு. உந்துதண்டுகளைக் கடைசல் பிடித்து எண்ணெய் பூச வேண்டும் என்கிறார் விட்ருவியஸ். உருளைக்கும் தண்டுக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும் அழுத்தம் வீணாகிவிடும் என்பதால், இதன் உண்மையான அருமை அந்தக் கடைசல் வேலையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பின்னர் வந்த அலெக்சாந்திரியப் பொறியாளர் ஹெரோன், தண்ணீரை வேண்டிய பக்கம் பீய்ச்சுவதற்குத் திரும்பும் வாய்க்குழல் ஒன்றையும் விவரித்தார். வெண்கலம் விலைமிக்கது என்பதால், ரோமானியர் ஒரே மரக்கட்டையைக் குடைந்தும் இத்தகைய பம்புகளைச் செய்தனர். இங்கிலாந்தின் சில்செஸ்டரில் அப்படி ஒன்று கிடைத்துள்ளது.

கி.பி. 6இல் பேரரசர் அகஸ்டஸ் ரோம் நகரில் ஏற்படுத்திய தீயணைப்புக் காவல்படையில் பம்பு இயக்குவதற்கென்றே ஆட்கள் இருந்தனர். ஆனால் ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், இன்றைய துருக்கியிலுள்ள நிகோமீடியா நகரம் தீப்பற்றி எரிந்தபோது, அங்கே ஒரு பம்போ வாளியோகூட இல்லை என்றும், மக்கள் கைகட்டி வேடிக்கை பார்த்தனர் என்றும் ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். கருவிகளுக்கு ஆணையிட்டுவிட்டதாகவும், 150 கைவினைஞரைக் கொண்ட தீயணைப்புக் குழு அமைக்க அனுமதி வேண்டும் என்றும் கேட்டார். பழகிய கைகள் இன்றி இப்பொறி பயன்படாது என்பதால் பிளினியின் கோரிக்கை நியாயமானதே. டிராஜனோ, இத்தகைய சங்கங்கள் எப்பெயரில் தொடங்கினாலும் விரைவில் அரசியல் கூட்டங்களாக மாறிவிடும் என்று மறுத்துவிட்டு, கருவிகளை வாங்கி வைத்து வீட்டு உரிமையாளர்களே அவற்றைப் பயன்படுத்தட்டும் என்று பதிலெழுதினார்.

நன்றி, வணக்கம்.