அங்குசம் யார் தருவது?

(செவித்திறன் குறைந்த குழந்தைகளின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கூட்டத் தலைவர் அவர்களே, அலுவல்களுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்களே, காது மூக்கு தொண்டைத் துறையின் மூத்த மருத்துவர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த அரிமா சங்கத்து நண்பர்களே, எனக்கு முன்னால் பேசி எனக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்காத தலைமையாசிரியை அவர்களே, இடுப்பில் பிள்ளையோடு கடைசி வரிசையில் நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. இந்த வெயிலுக்கு அதை மடித்து வைக்க அனுமதி வேண்டும்.

மூளைக்குள் உணர்வை அனுப்பும் கருவிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்தி: காது, கண், தொடுவுணர்வு. நேரம் இருந்தால் நான்காவதாக, அந்தக் கருவிகள் சேர்த்து வைக்கும் தகவல் யாருக்குச் சொந்தம் என்பது.

காதிலிருந்து தொடங்குகிறேன். உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அந்த நத்தைக் கூட்டுக்குள் ஒலியை உணரும் உள்மயிர்ச் செல்கள் சுமார் 3,500 உண்டு. அவை பழுதானால் சாதாரணக் கேட்கும் கருவி எவ்வளவு உரக்கக் கத்தினாலும் பயனில்லை. காக்ளியர் இம்பிளான்ட் அந்தச் செல்களைத் தாண்டிப் போய் நரம்பையே தூண்டுகிறது. வெளியே மைக், ஒலியை மின்குறிப்பாக மாற்றும் ப்ராசஸர், காந்தத்தால் தலையில் ஒட்டும் காயில். உள்ளே தோலுக்கடியில் அந்தக் குறிப்பை வாங்கும் ஒரு கருவி, அதிலிருந்து நத்தைக் கூட்டுக்குள் போகும் மெல்லிய கம்பி. கம்பியில் கம்பெனியைப் பொறுத்து 12 முதல் 22 மின்முனைகள். 3,500 பேர் பார்த்த வேலையை 22 பேர் பார்க்கிறார்கள். பேச்சுக்கு அது போதும், சங்கீதத்துக்குப் போதாது. துடிப்பு ஒவ்வொன்றும் இரட்டைத் துடிப்பு. செலுத்திய மின்னூட்டத்தை உடனே எதிர்த்திசையில் திரும்ப எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் மின்முனையின் பிளாட்டினமும் அரிக்கும், நரம்பும் கெடும்.

'யானையைக் கொடுத்து அங்குசத்துக்குப் பிணங்குவதா' என்று நம் பெரியவர்கள் கேட்டார்கள். 1957இல் பாரிசில் ஜூர்னோ, எய்ரியேஸ் என்ற இருவர் காது கேளாத ஒருவரின் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டினார்கள். சில வாரங்களில் உள்ளே வைத்த சுருள் பழுதானது. இன்னொன்று வைத்தார்கள். அதுவும் பழுதானது. மூன்றாம் முறை வைக்க எய்ரியேஸ் மறுத்துவிட்டார். இந்தத் துறை பிறந்ததே ஸ்பேர் பார்ட்ஸ் சண்டையோடுதான்!

அறுவை முடிந்து இரண்டு முதல் நான்கு வாரத்தில் கருவியை இயக்குவார்கள். அன்றே பிள்ளை 'அம்மா' என்று திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல பிள்ளைகள் அழும். ஒவ்வொரு மின்முனைக்கும் மிகக் குறைந்த கேட்பளவும், தாங்கக்கூடிய மேலளவும் குறிக்க வேண்டும். இதுதான் மேப்பிங். மேலளவு கூடிப்போனால் முக நரம்பும் சேர்ந்து தூண்டப்பட்டுக் கண் துடிக்கும். பிள்ளை காயிலைப் பிடுங்கி எறியும். குறைந்துபோனால் 'ஸ்', 'ஷ்' எல்லாம் காதுக்கே வராது. தினமும் காலையில் உங்கள் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் ஆறையும் சொல்லிப் பாருங்கள். நேற்று திரும்பிய பிள்ளை இன்று திரும்பவில்லை என்றால் முதலில் பேட்டரி, அடுத்து வயர், அடுத்து காயில், பிறகு மைக் மூடி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஜிங்க் ஏர் பேட்டரி காற்றில் வேலை செய்வது. ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். நம் ஊர் வியர்வை அதன் துளையை அடைக்கும். இரவில் ப்ராசஸர் சிலிக்கா ஜெல் டப்பாவுக்குள் தூங்கட்டும். காந்தத்தின் கீழே தோல் சிவந்தால் வலிமை குறைந்த காந்தம் கேளுங்கள். நியூமோகாக்கல் தடுப்பூசி போடாமல் அறுவைக்குப் போகாதீர்கள். மூளைக்காய்ச்சல் ஆபத்து உண்டு. எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் முதலில் இம்பிளான்ட் அட்டையைக் காட்டுங்கள்.

இனி கண். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்வேன், தலைவர் மன்னிக்க வேண்டும். அமெரிக்காவில் செகண்ட் சைட் என்று ஒரு கம்பெனி. ஆர்கஸ் 2 என்று ஒரு கருவி. மூக்குக் கண்ணாடியில் கேமரா, இடுப்பில் ஒரு பெட்டி, விழித்திரையில் 60 மின்முனைகள். ஐரோப்பாவில் 2011இல் அனுமதி, அமெரிக்காவில் 2013இல். முகம் தெரியாது, வெளிச்சப் புள்ளிகள் தெரியும், கதவு எங்கே, நடைபாதையின் கோடு எங்கே என்று தெரியும். இருட்டிலேயே இருந்தவருக்கு அது பெரிய சொத்து. நியூயார்க்கில் ஒரு பெண்மணி நான்கு வருடமாக அதைப் பயன்படுத்தினார். ஒருநாள் சுரங்க ரயில் நிலையம், நெரிசல் நேரம். ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்கு மாறப் போகிறார். படிக்கட்டின் தலைப்பு, கால் எடுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி. 'பீப், பீப், பீப்'. கைபேசியில் சார்ஜ் தீரும் சத்தம் என்று நாமாயிருந்தால் நினைப்போம். அணைந்தது அவர் கண். படிக்கட்டின் உச்சியில், அத்தனை கூட்டத்துக்கு நடுவே! அது திரும்பவே இல்லை.

அப்போதாவது கேட்பதற்குக் கம்பெனி இருந்தது. 2019இல் ஆர்கஸ் தயாரிப்பை நிறுத்தினார்கள். 2020இல் ஊழியர்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டார்கள். உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் கண்ணுக்குள் அந்தக் கருவியோடு நின்றார்கள். நெதர்லாந்தில் ஒருவருக்கு இடுப்புப் பெட்டி கழன்று விழுந்து உடைந்தது. கம்பெனியிடம் உதவி இல்லை. டாக்டர்களிடமும் மற்ற நோயாளிகளிடமும் விசாரித்துத் தேடிப் பிடித்த உதிரியால் பிழைத்தார். யானையைக் கொடுத்தவர்கள் அங்குசத்தோடு கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

தொடுவுணர்வுக்கு வருகிறேன். பிட்ஸ்பர்க்கில் கை செயலிழந்த ஒருவரின் மூளைப் பட்டையில் மின்முனை வைத்து, ரோபோக் கை பொருளைத் தொடும்போது அதை அவர் உணரச் செய்தார்கள். தொடுவுணர்வு வந்ததும் பொருளை எடுத்து வைக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியானது. நிறையச் சொல்லலாம், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நான்காவது செய்தி இன்னொரு கூட்டத்துக்கு.

இங்கே வந்த விஷயம் இதுதான். நம் மாநிலத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் பிள்ளைகளுக்கு இந்த அறுவை நடக்கிறது. அதற்குக் கை கூப்புகிறேன். உள்ளே வைத்தது பல பத்தாண்டு இருக்கும் என்று நம்பி வைக்கிறோம். வெளியே இருக்கும் ப்ராசஸருக்கு அந்த ஆயுசு கிடையாது. மாடல் பழையதானால் பாகம் வருவது நின்றுவிடும். வயர் அறுந்து ஒரு மாதம் சத்தமில்லாமல் இருக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த மாதம் திரும்பக் கிடைக்குமா? ஆகவே நாம் கேட்பது: டெண்டரிலேயே வயர், காயில், ப்ராசஸர் பத்தாண்டுக்குக் கிடைக்கும் என்று எழுதி வாங்க வேண்டும், மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாற்று ப்ராசஸர் இருப்பில் இருக்க வேண்டும், கம்பெனி மூடினால் மேப்பிங் மென்பொருள் அரசிடம் வர வேண்டும். நல அலுவலர் முன்னிலையிலேயே சொல்கிறேன், யானைக்குக் கையெழுத்துப் போடும் அதே தாளில் அங்குசத்துக்கும் போடுங்கள்.

வாசலில் மனுப் படிவம் இருக்கிறது. பிள்ளையின் வயது, ப்ராசஸர் மாடல், இயக்கிய தேதி, கடைசியாக வயர் மாற்றியபோது எத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்ற நான்கையும் நிரப்புங்கள். மாடல் தெரியாதவர்கள் கருவியைக் கழற்ற வேண்டாம், பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும். பேனா இரண்டுதான் இருக்கிறது, வரிசையில் வாருங்கள்.