அறுபத்தைந்து டாலர் பளிங்குக் கல்

வணக்கம் நேயர்களே. கௌபாய் கதை என்றதும் குதிரையும் துப்பாக்கியும், யாருக்கும் கட்டுப்படாத ஓர் ஆணும் நினைவுக்கு வரும். சார்லஸ் போர்டிஸ் 1968-இல் எழுதிய 'ட்ரூ கிரிட்' நாவலில் அப்படி ஓர் ஆண் உண்டு. ஆனால் அவரைக் கூலி பேசி வேலைக்கு வைப்பது 14 வயதுச் சிறுமி, மேட்டி ராஸ்.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் ஸ்மித் நகருக்குப் போன மேட்டியின் அப்பாவை, அவரிடம் வேலை பார்த்த டாம் சேனி சுட்டுக் கொன்றுவிட்டு, பணத்தோடு ஓடிவிடுகிறான். மேட்டி அந்த ஊருக்கு வந்து முதலில் செய்யும் காரியங்களில் ஒன்று என்ன தெரியுமா? அப்பாவுக்குக் குதிரை விற்ற வியாபாரியிடம் வக்கீல் பெயரைச் சொல்லி மல்லுக்கட்டி 325 டாலர் வாங்குவது! அப்புறம்தான் சேனியைப் பிடிக்க, ரூஸ்டர் காக்பர்ன் என்ற ஒற்றைக்கண் மார்ஷலிடம், அதாவது குற்றவாளிகளைத் தேடிப் பிடிக்கும் அரசு அதிகாரியிடம், போகிறாள்.

பழிவாங்கும் கதை என்று இதைச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. லபீஃப் என்ற டெக்சாஸ் ரேஞ்சரும் (டெக்சாஸ் மாநிலக் காவல் படைக்காரர்) அதே சேனியைத் தேடுகிறான். அங்கே ஒரு செனட்டரைக் கொன்ற வழக்கு. எங்கே தூக்கிலிட்டாலும் சேனி சாகத்தானே போகிறான்? மேட்டி ஒப்புக்கொள்வதில்லை. தன் அப்பாவைக் கொன்றதற்காகவே அவன் தொங்க வேண்டும். அந்தச் சாவு வேறொருவர் கணக்கில் எழுதப்படுவதை அவளால் தாங்க முடியாது.

கடைசியில் சேனியைச் சுடும்போது துப்பாக்கி உதைத்ததில் பாம்புக் குழிக்குள் விழுகிறாள். ரூஸ்டர் அவளைத் தூக்கிக்கொண்டு, அவளுடைய குதிரை ஓடி ஓடிச் சாகும்வரை விரட்டுகிறார். உயிர் பிழைக்கிறாள், ஒரு கை போய்விடுகிறது.

சிறு வயது நாயகியை வைத்து எழுதும் இந்த வகை நாவல்களில், அந்தப் பிள்ளை மாற வேண்டும் என்று எதிர்பார்ப்போம். மேட்டி மாறினாளா? கதையைச் சொல்பவளே முதுமையை எட்டிய மேட்டிதான். கல்யாணம் ஆகாதவள், வங்கி நடத்துபவள், அதே கறார்ப் பேச்சு. முதல் வாசிப்பில், மாறவே இல்லை என்றுதான் நினைத்தேன்.

கௌபாய் நாயகன் அந்தி வெயிலில் குதிரையேறி மறைவது வழக்கம். ரூஸ்டரோ வயதான காலத்தில் வேடிக்கைக் காட்சிக் குழு ஒன்றோடு ஊர் ஊராகச் சுற்றுகிறார். கால் நூற்றாண்டு கழித்து அவரைப் பார்க்க மேட்டி ரயிலேறி மெம்ஃபிஸுக்குப் போகிறாள். சில நாட்களுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். அவர் உடலைத் தோண்டியெடுத்துத் தங்கள் குடும்ப இடுகாட்டுக்குக் கொண்டுவருகிறாள். அவள் அதுவரை போட்ட எந்த ஒப்பந்தத்திலும் இது இல்லை. ஊர் வாய்க்கு வந்ததைப் பேசுகிறது. அவள் அசரவில்லை. கல்லறைமேல் வைத்த பளிங்குக் கல்லைப் பற்றிச் சொல்லும்போது, விலையையும் மறக்காமல் சொல்கிறாள்: 65 டாலர்.